சிவப்புப் போர்வைக்குள் யார்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஆறு. பெற்றது நாலு, தங்கை விட்டுப்போனது இரண்டு. டெல்லியில் நாற்பது வருஷம் வீட்டு வேலை செய்து ஆறையும் ஆளாக்கினேன். தூங்குகிற பிள்ளையைத் தொடாமலே காய்ச்சலா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

கடைசி மகனை அவனுடைய கம்பெனி சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு மாற்றியது. இரண்டு ராத்திரி ரயிலில் வந்து, வல்லம் வடகால் என்ற ஊரில் வாடகைக்கு இறங்கினோம். ஒரே வரிசையில் எட்டு அறை. கடைசி இரண்டு எங்களுக்கு. மற்றவற்றில் தெற்கத்திப் பையன்கள், கம்பெனி வேலைக்காரர்கள்.

காலையில் மகனும் மருமகளும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. அப்புறம் அந்த வரிசையில் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். ஆனால் எல்லாக் கதவுக்கு முன்னாலும் செருப்புகள் கிடந்தன. அத்தனை செருப்புக்கும் ஓர் இருமல் சத்தம்கூட இல்லை. டெல்லியில் அடுத்த வீட்டில் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். இங்கே பட்டப்பகல் பதினோரு மணிக்கு, ஜன்னலுக்கெல்லாம் துணி கட்டி, உள்ளே இருட்டு. எங்கேயோ ஒரு கம்பெனி விடாமல் முனகிக்கொண்டிருக்கும்.

பக்கத்து அறை ஜன்னலில் மட்டும் துணி பாதிதான் மறைக்கும். தண்ணீர் பிடிக்கப் போனால் கண் தானாக உள்ளே போகும். கட்டிலில் ஓர் ஆள், சிவப்புப் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிப் படுத்திருப்பான். காலையில் பார்த்தேன். மத்தியானம் பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்திலும் பார்த்தேன். நாலு நாள் அந்த ஆள் எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடவில்லை, குளிக்கவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்காரம்மாவைக் கூட்டிவந்து கதவைத் தட்ட வைத்தேன். ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான். வீட்டுக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா பெரிம்மா, ஒரே ஆளுன்னு நென்ச்சிக்கினியா? மூணு பேரு கீறாங்கோ. ஃபேனுக்கு அடியில கட்டில் ஒண்ணுதான் கீது. எவன் ஷிப்டு முடிச்சினு வர்றானோ அவன் பட்த்துக்குவான்."

"ஆச்சி டெல்லி போலீஸ்ல இருந்தாகளோ?" என்றான் அந்தப் பையன். அன்றிலிருந்து வரிசை முழுக்க எனக்குப் போலீஸ் ஆச்சி என்றே பேர். ஆறு பிள்ளை வளர்த்தவளுக்கு இது தேவையா என்று இருந்தது. இனி அந்த ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் மதியம் ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. பங்குனி வெயில். இருட்டு அறைகளிலிருந்து பையன்கள் லுங்கியோடு திட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து யாரும் வரவில்லை. என்னை அறியாமல் பார்த்துவிட்டேன். ஃபேன் நின்றிருந்தது. சிவப்புப் போர்வை தலையோடு மூடியபடியே இருந்தது. அந்தப் புழுக்கத்தில் யார் போர்த்துவார்கள்?

தட்டக் கை தூக்கினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தானா என்றுகூடத் தெரியாது. கையை இறக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து வைத்து ஆய்ந்தேன். ஒவ்வொரு இலையாக ஆய்ந்தேன். ஒரு மணி நேரம்.

இரண்டரைக்குக் காலை ஷிப்டு பஸ் வந்தது. பக்கத்து அறைப் பையன் ஒருவன் இறங்கி வந்தான்.

"உள்ள படுத்திருக்கறது யாருப்பா?" என்றேன்.

"நைட்டு ஷிப்டுக்காரன்தான். போலீஸ் ஆச்சிக்கு இன்னும் சந்தேகம் தீரலையோ?"

அவன் சொல்லி முடிக்கவில்லை, மூன்றாவது அறையிலிருந்து அந்த நைட்டு ஷிப்டுக்காரனே கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான். காலையில் கட்டிலில் ஆள் இருந்ததால் சிநேகிதன் அறையில் போய்ப் படுத்தானாம்.

"அப்ப உள்ள மத்தியான ஷிப்டுக்காரனா லே? அவன் ஒரு மணி பஸ்ஸுக்குல்லா போயிருக்கணும்?" என்றான் பஸ்ஸில் வந்தவன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூவரும் உள்ளே ஓடினோம். போர்வையை நான்தான் விலக்கினேன். உடம்பு அனல். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அசைவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள்.

பையன் பிழைத்துக்கொண்டான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஊருக்குப் போனான். அவன் அம்மா எனக்குப் போன் செய்து அழுதாள். "பாத்த ஒடனே ஓடிப்போயி தூக்குனீகளாமே தாயி. நீங்க இல்லேன்னா எம்புள்ள இல்ல." நான் "ஆமாம்மா" என்றேன்.

அவன் இடத்துக்கு மூன்றே நாளில் வேறு ஒருவன் வந்துவிட்டான். அதே கட்டில், அதே போர்வை. இப்போது நான் ஒவ்வொரு தடவை தண்ணீர் பிடிக்கப் போகும்போதும் ஜன்னல் கம்பியைத் தட்டுகிறேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போகும். எவன் கை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த அம்மாவிடம் சொன்ன "ஆமா"தான் என்னை உட்கார விடவில்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டி நாலு நாளாக இதை எழுதினேன். அவளுக்குத் தபாலில் போகவேண்டியது. பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள்.

"கண்ணு, இப்படி உக்காந்து மொதல்லேருந்து சத்தமா படி. நான் ஒரு மணி நேரம் கீரை ஆய்ஞ்சது அதுல இருக்கான்னு பாரு."