குவைத்துக் காசில் எழுதியிருந்தது

கோயிலில் நற்கருணை வாங்கும் என் முதல் நன்மைக்கு என் கழுத்தில் தொங்கியிருக்க வேண்டிய தங்கக் காசு, நெய்யாற்றின்கரையில் ஓர் ஆசாரியின் கடையில் என் கண்முன்னாலேயே உருகிப்போயிற்று. உருக்கச் சொன்னது பெரியம்மை. அது அவளுடைய காசு.

பெரியம்மை அம்மாவுக்கு மூத்தவள். குவைத்தில் ஒரு வீட்டில் பல வருடம் வேலைக்கு நின்றுவிட்டு வந்தவள். பெட்டியில் சோப்பும் தைலமும் போர்வையும் இருந்தன. காசை மட்டும் கைக்குட்டையில் முடிந்து மார்போடு வைத்துக் கொண்டுவந்தாள். அதில் நெளிநெளியாக அரபி எழுத்து. எங்கள் பூவார் கடற்கரையில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. ஆனாலும் இப்படியொரு காசை எங்கள் பக்கம் யாரும் கண்டதில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெரியம்மை ஒரே பேச்சைத்தான் சொன்னாள்.

"அண்ணைக்கு அவியளுக்கு ஏதோ பெருநாளு. வீட்டுக்காரி அவளுக்க மக்களுக்கு ஒண்ணு குடுத்தா, எனக்கும் ஒண்ணு தந்தா. ஒரு வேத்துமையும் இல்ல, கேட்டியா?"

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. காசு எனக்கு என்று அவளே முடிவு செய்தாள். மறைக்கல்வி வகுப்பில் நான் அதைச் சொல்லாத பிள்ளை பாக்கியில்லை.

சங்கிலியில் டாலராகக் கோர்க்க ஒரு வளையம் பற்றவைத்தால் போதும். ஆனால் ஆசாரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"இதில தெய்வத்துக்க பேரு ஏதாவது உண்டுன்னா நான் தீ வைக்கமாட்டேன் சேச்சி."

பெரியம்மைக்கு அரபி பேச வரும், வாசிக்க வராது. கடையில் மோதிரத்துக்காகக் காத்திருந்த ஒருவர் கையை நீட்டினார். அவரும் வளைகுடாவில் இருந்து வந்தவர்தான். பூவார்ப் பள்ளிவாசல் பக்கம் வீடு. கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாக வாசித்தார்.

"சேச்சே, ஓதுற வசனம் ஒண்ணும் இல்ல. குவைத்துக்கு மோசனம் கிட்டின ஓர்மைக்கு அடிச்ச காசாக்கும்."

"மோசனம்னா?" என்றாள் பெரியம்மை.

"விடுதலை. பக்கத்து நாட்டுப் பட்டாளம் வந்து நாட்டப் பிடிச்சி வச்சிருந்துல்லா? அவன்மாரு போன நாளு. வருசாவருசம் அண்ணைக்கு அங்க சனமெல்லாம் ரோட்டில எறங்கி ஆடும்."

பெரியம்மை சிரித்தாள். சத்தமாக, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஏதோ வேடிக்கை என்று நானும் கூடச் சிரித்தேன். பிறகுதான் கூட வந்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அது வெளிறிப்போயிருந்தது.

"இதயா எனக்குத் தந்தா?" என்றாள் பெரியம்மை. "இத என் கையில வச்சிட்டாக்கும் அவிய எல்லாரும் கொண்டாட்டத்துக்கு எறங்கினாவ. போவும்ப வெளியில இருந்து கதவப் பூட்டிட்டுப் போனாவ. என்னைக்கும் பூட்டுததுதான். நான் இதுக்கு முத்தம் குடுத்துக்கிட்டு அடுக்களையில இருந்தேன்."

காசை வாசித்தவர் தலை குனிந்தார்.

"போன் விளிக்கும்ப எல்லாம் சுகம் சுகம்னுதானே சொன்ன, அக்கா?" என்றாள் அம்மா.

"வீட்டுக்காரி பக்கத்திலேயே நிப்பா. வேற என்னத்தச் சொல்ல?"

பெரியம்மை காசை வாங்கி ஆசாரியின் முன்னால் வைத்தாள். "டாலரு வேண்டாம். உருக்கும்."

"சேச்சி, இத இப்பிடியே வச்சிருந்தா..."

"உருக்கும்னு சொன்னேன்."

நான் அலறி அழுதேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசாரி காசை ஒரு சின்ன மண்கிண்ணத்தில் போட்டு, கேஸ் குழாயைப் பற்றவைத்து, நீலத் தீயை அதன்மேல் பிடித்தார். பெரியம்மை அனல் முகத்தில் அடிக்கும் அளவுக்குக் குனிந்து நின்றாள். முதலில் காசு சிவந்தது. அப்புறம் ஓரம் தளர்ந்தது. கடைசியில் மொத்தமும் ஒரு சொட்டுபோல உருண்டு மினுங்கியது.

"எழுத்து போச்சா?"

"போச்சு சேச்சி."

"பிள்ளைக்கு அதில ஒரு கம்மல் அடியும்."

எனக்குக் கம்மல் வேண்டாம், காசுதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? தன் பொருள் என்பதற்காக ஒருத்தி இப்படியா செய்வாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கடையை விட்டு இறங்கியதும் பெரியம்மை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பூவார் பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டினாள். ஜவுளிக்கடைகளைத் தாண்டினாள். ஒரு முனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எங்களுக்கு எந்தக் காரியமும் இல்லாத ஒரு ரோட்டில் திரும்பினாள். அம்மா பின்னாலேயே வந்தாள், ஏனோ கூப்பிடவில்லை. கொளுத்துகிற வெயிலில் எனக்குக் கால் வலித்தது.

"பெரியம்மே, பஸ்ஸு அந்தப் பக்கமாக்கும்."

"தெரியும் மக்கா. இங்க பூட்டின கதவு ஒண்ணும் இல்லல்லா," என்றாள். நடந்துகொண்டே இருந்தாள்.

வழி தவறியதை ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறாள் என்றே நான் நினைத்தேன்.