நான் நிரப்பிய நான்கு போத்தல்

என் மகளின் எதிர்காலத்தை நானே என் கையால் கெடுக்கப் பார்த்தேன். அல்லாஹ் காப்பாற்றினான். எப்படி என்று இன்றும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. விளங்காதபடியே உங்களிடம் சொல்கிறேன், சகோதரர்களே.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். முதுகில் மூட்டை சுமந்து, இன்று அக்கரைப்பற்றுப் பக்கம் இரண்டு நெல் மில்லுக்கு முதலாளி. என் பேரைச் சொன்னால் கல்முனை வரைக்கும் கதவு திறக்கும். மூத்த மகள் டொக்டர். நம்மைப் போல தூரத்து ஊர்களில், படிக்காத வாப்பாமாருக்குப் பிறந்த டொக்டர்மாரைத் தேடியெடுத்து ஆராய்ச்சியும் பழக்குகிற பயிற்சி ஒன்று கொழும்பில் இருக்கிறது. எங்கள் பகுதியில் தெரிவானவள் அவள் ஒருத்திதான்.

"மருந்து குடுக்கிற வேல போதாதா மகள்?" என்று கேட்டேன்.

"நோய் வருத்தம் ஏன் வருதெண்டு ஆரும் தேட வேணாமா வாப்பா?" என்றாள்.

விளங்கவில்லை. ஆனாலும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

போன பெரும்போக நெல் அறுவடை நேரத்தில் அவளுக்கு முதல் வேலை வந்தது. வயல்காரர் அறுபது பேரின் சிறுநீரைச் சோதித்து, சிறுநீரக வருத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் மில்லுக்கு நெல் தருகிறவர்களையே பிடித்துக் கொடுத்தேன். ஐம்பத்தாறு பேர் தந்தார்கள். அறுவடை மெஷின் வந்ததும் மிச்ச நாலு பேரும் வயலை விட்டு அசையவில்லை. மறுநாள் போத்தல்கள் கொழும்புக்குப் போக வேண்டும். பயிற்சியிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று மகள் சோறு தின்னவில்லை.

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுக் கையேந்தி அழுதேன். "யா அல்லாஹ், என் புள்ளையின் எண்ணிக்கையை நிறைவாக்கித் தா."

மில்லில் எங்களுக்கு ஒரு பழக்கம். லொறிக்கு நாலு மூட்டை குறைந்தால் என் களஞ்சியத்திலிருந்து போட்டு அனுப்பிவிடுவேன். விவசாயி பிறகு தருவான். அதே யோசனைதான் வந்தது. இலக்கம் ஒட்டிய நாலு வெறும் போத்தலும் என்னிடம் இருந்தன. நானே நிரப்பினேன். துஆ கபூலாகி, கேட்டது கிடைத்துவிட்டது என்று அல்ஹம்துலில்லாஹ்வும் சொன்னேன்.

பத்து நாளில் மகள் மில்லுக்கு ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அந்த நாலு பேருக்கும் வருத்தம் என்று முடிவு வந்திருக்கிறது. அதைச் சொல்ல அவள் போனபோது அவர்கள் சிரித்திருக்கிறார்கள். "நாங்க எங்க தந்த? உங்கட வாப்பா பாத்துக்கிறன் எண்டாரே!"

"அந்த நாலு போத்தல்லயும் இருந்தது ஆர்ட, வாப்பா?" என்று கேட்டாள்.

"என்ட தான்."

அவள் நெல்மூட்டையில் குந்திவிட்டாள். என் கால் வீக்கத்தைப் பார்த்தாள். நின்று நின்று வந்த வீக்கம் என்று எல்லோருக்கும் நான் சொல்லிவந்தது.

"சொல்லாத மகள். பயிற்சி போயிரும்."

"இல்லாத நாலு வருத்தக்காரர எழுதினா, எந்த வயல்ட தண்ணியால வருத்தம் வருதெண்டு நாங்க சந்தேகப்படுற? பிழையான வயல்லதான் தேடுவம் வாப்பா."

எனக்கு முன்னாலேயே பயிற்சி தருகிற கொழும்பு மெடத்துக்குப் போன் கோல் எடுத்தாள். நான் மில் மூலையில் இரண்டு ரக்அத் தொழுதேன். இந்த முறை என்ன கேட்பதென்றே தெரியவில்லை. நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் கிடந்தேன்.

நாலையும் கழித்துவிட்டு, நடந்ததை எழுதி, ஐம்பத்தாறு பேரின் முடிவையே கொண்டுவரச் சொன்னாராம் மெடம். பயிற்சியில் அவள் இருக்கலாமாம். வாப்பாவை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றும் சொன்னாராம்.

சிறுநீரக வருத்தம்தான். நேரத்தோடு பிடிபட்டதால் மருந்தோடு நடமாடுகிறேன்.

நான் கேட்டது அறுபது. அது கிடைக்கவே இல்லை. உயிரைக் கேட்கவில்லை, அது கிடைத்தது. பொய் செய்யாவிட்டால் வருத்தம் தெரிந்திராது. அப்படியென்றால் பொய்யா உதவியது? மௌலவியிடம் கேட்டேன். "ஹாஜியார், பொய்க்குக் கூலி தேடாதீங்க. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு தௌபா செய்ங்க," என்றார். செய்தேன். அந்த நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் மட்டும் முறைத்தார்: "என்ட மகளுக்கு மாப்பிள பாக்கிற நேரத்தில என்னய வருத்தக்காரனாக்கிட்டீங்களே!"

இரண்டு மில் கட்டியவனுக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் பிடிபடவில்லை. பிடிபடாமலே ஐந்து நேரமும் நன்றி சொல்கிறேன். நீங்களும் அவனிடம் கேளுங்கள். கேட்டது வராவிட்டால் அவசரப்பட்டு நீங்களே செய்து முடிக்காதீர்கள்.

அடுத்த போகத்துக்கு மகள் மறுபடி வருவாள். உங்கள் வீட்டு வாசல் கடப்படியிலும் போத்தலோடு நிற்பாள். மறுக்காமல் கொடுங்கள். உங்களுடையதை மட்டும்.