வெர்லன் வாசலில் நின்ற நான்கு நிமிடம்

வெர்லன் டிட்மோர் அலபாமாவில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்புப் பட்டதில்லை. ஆனால் ஊரில் அவருக்குப் பேர் அதனால் வரவில்லை. காலேஜின் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்கப்போகிற நேரத்தில் அவர் டிவியை விட்டு எழுந்து வாசலுக்குப் போனால் அணி ஜெயித்துவிடும். எப்போதோ ஒருமுறை நாய்க்குத் தீனி வைக்கப் போனபோது அணிக்கு ஆறு புள்ளி தரும் ஒரு டச்டவுன் விழுந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆட்டம் இழுபறி என்றால் ஊரே போன் போடும். "உன்னை உள்ள வெச்சுக்கிட்டா ஊர் என்னைச் சும்மா விடாது, போ" என்று மனைவி இமோஜீன் கதவைத் திறந்துவிடுவாள்.

இந்த வருடம் டார்டன் என்ற டிவி வர்ணனையாளன் ஒன்று சொல்லிவைத்தான். "இந்த ஊர் ரசிகர்கள் துவைக்காத சட்டையையும் அதிர்ஷ்டத்தையும் நம்புகிறார்கள். வெற்றி ஆடுகிறவன் மனதில் இருக்கிறது. அந்த மனம் இந்த அணிக்கு இல்லை." காலை உணவுக் கடை மேஜையில் அதுதான் பேச்சு.

"அவன் சொன்னதுல என்ன தப்பு?" என்றார் பழைய பயிற்சியாளர் ராண்டல். "ஆட்டத்தோட கடைசி கால் பகுதி வந்தா பசங்க தலையைத் தொங்கப்போட்டுக்கிறானுங்க."

"மனசாவது மண்ணாவது" என்றார் டயர் கடை ஹாய்ட். "டிவிக்காரனுக்கு நம்ம வெர்லனைத் தெரியாது, பாவம்."

அந்த வாரம் ஆட்டம் நடந்த சனிக்கிழமை இமோஜீனுக்கு இருதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. மிஞ்சினால் இரண்டு நாள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வெர்லன் கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஆட்டம் பார்த்தார். அணி மூன்று புள்ளி பின்னால், நான்கு நிமிடம் பாக்கி. போன் அடித்தது.

"இன்னும் உள்ளயா உக்காந்திருக்க? கிளம்புடா" என்றார் ஹாய்ட்.

இமோஜீன் கையை விடவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் தோத்துட்டுப் போகட்டுமே, வெர்லன்."

"நாலே நிமிஷம், இமோ. இதோ வந்துடறேன்."

ஆட்டக் கடிகாரத்தின் நான்கு நிமிடம், விளம்பரமும் இடைநிறுத்தமும் சேர்ந்தால் அரைமணி ஆகும். அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். பக்கத்து வீடுகளில் கூச்சல் கிளம்பி, கார்கள் ஹாரன் அடித்த பிறகுதான் உள்ளே போனார். "ஜெயிச்சுட்டோம்" என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் போய்விட்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வெர்லன் காலை உணவுக் கடைக்கு வந்தார். மேஜையில் அதே வழக்கு. அணிக்கு இப்போதுதான் வெற்றி மனம் வந்திருக்கிறது என்று டார்டன் சொல்லியிருந்தான். ராண்டலுக்கு ஏக சந்தோஷம்.

"யாருக்கு வந்துச்சு மனசு? இதோ இவன் வெளிய போய் நின்னான், ஜெயிச்சோம்" என்று ஹாய்ட் வெர்லனின் தோளைத் தட்டினார்.

"ஆமா, நின்னேன்" என்றார் வெர்லன். "அவ போகாதேன்னா. கையை உருவிக்கிட்டுப் போனேன். அப்பதான் செத்தா. தனியா."

யாருக்கும் இது தெரியாது. ஹாய்டின் முகம் வெளுத்துவிட்டது. போன் போட்டவர் அவரல்லவா? நாற்பது வருடத்தில் எந்த டிவிக்காரனுக்கும் ஒரு சொல் விட்டுக்கொடுக்காத மனுஷன், மெல்ல வாயைத் திறந்தார்.

"டார்டன் சொன்னதுதான்டா சரி. பசங்க ஆடி ஜெயிச்சாங்க. நீ வெளிய நின்னதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

வெர்லன் அவரைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்படிச் சொல்லாதே ஹாய்ட். சம்பந்தமே இல்லைன்னா நான் எதுக்குடா அங்க போய் நின்னேன்?"