நான் சொல்லாமல் விட்ட பதில்

நான் குடியை விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி. படி குறுகல். ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு மூச்சு வாங்க வாசலில் நின்றவளை என் மனைவிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

அவள் என் நண்பனின் மனைவி. நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன், அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். பதினாறு வருடம் ஒரே கொத்தனாரிடம் வேலை பார்த்தோம். முதல் வருடத்திலேயே மாப்ள, மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்து, உறவில்லாத உறவாகிவிட்டோம். அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். என் மகளுக்கு அவன் மாமா. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் நான் அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். எப்படி விட்டீங்கன்னு கேக்கல. விடுறத அவரும் நாலு தடவ விட்டாரு. விட்ட பெறகு திரும்பப் போகாம எப்படி இருக்கீங்க? எது ஒதவுச்சுன்னு சொல்லுங்க. நானும் செஞ்சு பாக்குறேன்."

பரீட்சைக்குப் படிக்க வந்த பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பசியோடு இருக்கக் கூடாது. வேலை முடிந்து வந்ததும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டால் பாதி ஆசை அடங்கிவிடும். இதைக் கண்டுபிடித்தது நானல்ல, என் மனைவி. சட்டைப் பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்க வேண்டும். கடை இருக்கிற தெரு வழியாக வரக் கூடாது, இரண்டு தெரு சுற்றினாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட அறையில் குடியை விட்டவர்கள் கூடுவோம், அதற்குத் தவறாமல் வர வேண்டும். மனசு அலைபாய்ந்தால் உடனே யாருக்காவது போன் போட வேண்டும்.

அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனசில் ஏற்றிக்கொண்டாள். "சாப்பாடு, மிட்டாய், வேற தெரு, ஞாயித்துக்கிழம கூட்டம், போனு. இம்புட்டுத்தானாண்ணே?"

"இம்புட்டுத்தாம்மா" என்றேன்.

இம்புட்டு மட்டும் இல்லை. எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உன் புருஷனை விட்டதுதான். அதை அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

நான் குடியை விட்டதற்குக் காரணம் ஒரு பெண்மணி. திருப்பரங்குன்றம் போகிற வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டாருக்கு லைன் கொடுத்தேன். முந்தின நாள் குடித்தது இறங்காமல் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எர்த் வயரை மாட்டாமலேயே மூடிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அந்த வீட்டம்மா மோட்டாரைத் தொட்டு, தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியது. வலது கை மட்டும் பல மாதம் சரியாக மடங்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அவர் என்னைத் திட்டவில்லை, "பார்த்து வேலை செய்யுங்க தம்பி" என்றார். அந்த வாரமே மறுவாழ்வு மையத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பழைய கூட்டாளிகளைக் கொஞ்ச காலத்துக்குப் பார்க்காதே என்பது. எனக்குக் கூட்டாளி என்றால் அவன் ஒருவன்தான். வெளியே வந்ததும் வேறு கொத்தனாரிடம் சேர்ந்துகொண்டேன். அவன் போன் செய்தால் எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவனும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். என் உடம்பு தேறியது, கை நடுக்கம் நின்றது. அந்தப் பாடம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவனுக்கு முதல் டம்ளரை ஊற்றிக் கொடுத்தவனே நான்தான். சோழவந்தானில் ஒரு வெற்றிலை வியாபாரிக்கு வீடு கட்டினோம். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாளெல்லாம் குத்தவைத்துத் தரை ஒட்டியதில் முட்டி வீங்கி, எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இந்தா மாப்ள, வலிக்கு மருந்து மாதிரி" என்று நீட்டினேன். முகத்தைச் சுளித்தான். நான் சிரித்தேன். மறுநாள் அவனே கேட்டான். அதையும் ஒரு வெற்றி போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முருங்கைக்காயைச் சமையலறையில் கொட்டிவிட்டுப் பையை மடித்துக்கொண்டே அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"சித்திரையில செத்துப் பொழச்சாருண்ணே. பாலத்துக்குப் பக்கத்துல, மூடுன கட வாசல்ல, மட்ட மத்தியானம் வெயில்ல கெடந்துருக்காரு. அம்புட்டு வண்டி போற ரோடு. ஒரு ஆளு நிக்கல. யாரோ கரும்புச்சாறு விக்கிறவரு தண்ணிய ஊத்தி, ஆட்டோல ஏத்தி விட்ருக்காரு. மூணு நாளு ஆஸ்பத்திரி. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா கஷ்டம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

என் மனைவி "அடப்பாவமே" என்றாள்.

அந்த ரோட்டில் நின்று பார்க்காமல் போனவர்களில் நானும் ஒருவன். கடைசிப் பரீட்சை முடிந்து மகளை வண்டியில் கூட்டிவந்துகொண்டிருந்தேன். அவள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, அது மாமா மாதிரி இருக்கு."

நானும் பார்த்தேன். கட்டம் போட்ட கைலி, ஒருக்களித்துப் படுக்கும் அவனுடைய வழக்கம். சந்தேகமே இல்லை.

"மாமா இல்லடா. வேற யாரோ" என்று சொல்லி வண்டியை முறுக்கினேன்.

கிட்டே போனால் அந்த வாடை அடிக்கும், அது என்னை இழுத்துவிடும் என்று பயந்தேன் என்பது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. பிள்ளைக்கு முன்னால் அவனைத் தூக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் இப்போது வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மோர் குடித்தேன். மகள் என்னிடம் மறுபடி அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

நண்பனின் மனைவி வந்துபோன பிறகு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு வீட்டில் ஒரே சுவிட்சை மூன்று முறை கழற்றி மாட்டினேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது மனைவியிடம் பாலத்துப் பக்கம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"போயிப் பாருங்க" என்றாள். "தனியாப் போக வேணாம். நானும் வாரேன்."

போனோம். அவன் பாயில் படுத்திருந்தான். தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றான்.

"வா மாப்ள. நல்லாத் தேறிட்ட" என்றான். அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். சந்தோஷம்தான் இருந்தது.

அவன் மனைவி அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று, "ஒண்ணு சொல்லணும்மா. இவனுக்கு மொதல்ல ஊத்திக் கொடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும்ணே" என்றாள், திரும்பாமலேயே. "கல்யாணம் முடிஞ்ச வருசமே அவரு சொல்லிட்டாரு. குத்தம் சொல்லணும்னா எப்பவோ வந்துருப்பேன். போயித் திரும்புன ஆளுக்குத்தான் வழி தெரியும்னு வந்தேன்."

பாலத்து விஷயத்தையும் அந்த மூச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் காபியை வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று சொல்லி, பதினொரு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். பகல் முழுவதும் அவன் மனைவி, சாயங்காலம் நான். மூன்றாம் நாள் அவன் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தான். மூன்றாவது ஞாயிறு பேச என் முறை வந்தபோது, அவன் எதிரிலேயே, அத்தனை பேருக்கும் முன்னால், பாலத்துப் பக்கம் நான் நிற்காமல் போனதைச் சொன்னேன். மகளிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றோம். அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல மாப்ள. நீ சொல்லித்தான் தெரியுது."

"திட்டணும்னா திட்டிருடா."

"ஞாபகம் இல்லாததுக்கு எப்படித் திட்டுறது" என்றான். பிறகு வடை வாங்கினான். பாதியைப் பிய்த்து என்னிடம் கொடுத்தான்.

அவன் செவிட்டில் ஒன்று விட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அவனுக்கு ஞாபகமே இல்லாத ஒன்றை அவன் எப்படி மன்னிப்பான்?

அதன் பிறகு இரண்டு முறை வழுக்கினான். முதல் முறை தலை காட்டாமல் ஒளிந்துகொண்டான். நானும் அவன் மனைவியும் தேடிப் பிடித்து, ஒரு வார்த்தை கேட்காமல் சோறு போட்டோம். இரண்டாம் முறை அவனே போன் செய்து, "குடிச்சிட்டேன் மாப்ள" என்றான். கூட்டத்தில் இருக்கும் வயதான ஆசிரியர் ஒருவர், இது பின்னடைவல்ல, தானாகச் சொன்னான் பாருங்கள், அதுதான் முன்னேற்றம் என்றார். எனக்கு அப்போது நம்பிக்கை வரவில்லை.

ஆவணியில் அவன் சொந்த ஊரில் கிடாவெட்டு. பேரையூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். போகாதே என்றேன், அண்ணன் வீட்டு விசேஷம், போகாமல் இருக்க முடியாது என்றான். பகல் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"மாப்ள, பந்தல்ல எல்லாரும் ஊத்த ஆரம்பிச்சிட்டாங்க. என் டம்ளரையும் வச்சிட்டாங்க. நான் தண்ணி டேங்குப் பக்கம் வந்து நிக்கிறேன். வாரியா?"

"அங்கனயே நில்லு. வாரேன்."

போட்ட வேலையை அப்படியே வைத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காய்ந்த காடும் கருவேலமுமாக அந்த ரோடு எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. போய்ச் சேர்வதற்குள் அவன் பந்தலுக்குத் திரும்பியிருப்பான் என்றே நினைத்தேன். அவன் டேங்க் நிழலில், தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தான்.

"சாப்ட்டியா?"

"கறிச்சோறு போட்டாங்க. பக்கத்துலயே பாட்டிலு. எந்திரிச்சு வந்துட்டேன்."

பேரையூர் கடையில் ஆளுக்கு நான்கு புரோட்டா தின்றோம். திரும்பி வரும் வழியில் என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டான். விழுந்துவிடப் போகிறானே என்று ஒரு கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஓட்டிவந்தேன்.

அது நடந்து பத்து மாதம் ஆகிறது. அவன் குடிக்கவில்லை. நாங்கள் மறுபடி ஒன்றாக வேலைக்குப் போகிறோம். அவன் மனைவி தெரிந்தவர்களிடமெல்லாம், "இந்த அண்ணன் இல்லேன்னா எங்க வீடு இல்ல" என்று என்னைக் காட்டிச் சொல்கிறாள். பாலத்துப் பக்கம் நடந்தது அவளுக்கு இன்னும் தெரியாது. அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. போன வாரம் அவள் அப்படிச் சொன்னபோது என் மகள் பக்கத்தில் இருந்தாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.