பிடுங்காமல் விட்ட செடி

தக்காளி இலையைத் தொட்டால் விரல்களில் பச்சையாக ஒரு கறை படியும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் அதன் காட்டமான வாசனை லேசில் போகாது. எனக்குப் பத்து வயதான அந்தப் பங்குனி முழுவதும் என் கைகளில் அந்த வாசனைதான்.

ஆரணியில் எங்கள் வீட்டின் முன்னறையில் அப்பாவின் தறி, பின்பக்கம் அம்மாவின் தோட்டம். வழக்கமாகக் கார்த்திகையிலேயே தக்காளி நட்டுவிடும் அம்மா, அந்த வருடம் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, தலைமுடி கொட்டி, எதைத் தின்றாலும் மண் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு தை கடைசியில் திரும்பி வந்தாள். வந்த வாரமே சந்தவாசலிலிருந்து நாற்று வரவழைத்தாள்.

"இப்ப நட்டா வெயில்ல 'சுருட்ட' வந்துடும். இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றார் அப்பா.

"நாக்கு தக்காளி ரசம் ஒண்ணுதாங்க கேக்குது" என்றாள் அம்மா. நாற்பது செடிகள் நட்டோம்.

பூ விடும் சமயத்தில் அப்பா சொன்ன 'சுருட்டை' வந்தது. இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு மஞ்சளாகி, செடி வளராமல் நின்றுபோகும். வெள்ளை ஈ அதை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். மஞ்சள் டின் மூடிகளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்; அதையும் செய்தோம், வேப்பெண்ணெய்க் கரைசலும் தெளித்தோம். ஆனால் ஒருமுறை சுருண்ட செடிக்கு வைத்தியம் கிடையாது, பிடுங்கி எரிக்கத்தான் வேண்டும். குனிந்தால் மயக்கம் வரும் என்பதால் அம்மா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காட்டுவாள், நான் பிடுங்குவேன்.

அவள் பார்வைக்கு எட்டாத மூலையில் ஒரு செடி. தோட்டத்திலேயே முதலில் காய்த்தது அதுதான், மூன்று காய்கள். ஒருநாள் அதன் கொழுந்து சுருண்டிருந்தது.

"மூலைல இருக்கறது எப்டிடி கீது?"

"நல்லா கீதும்மா" என்றேன்.

இரண்டு வாரத்தில் மீதியிருந்த எல்லாச் செடிகளும் சுருண்டன. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த மூலை வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தாள். மற்றவற்றுக்கு முன்பே சுருண்டு மஞ்சளாகிப்போயிருந்த, காய் பிடித்திருந்த அந்தச் செடியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"காய் இருந்துதுன்னு மனசு வரலியா?"

நான் அழுதேன். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "அப்பா கேட்டா வெயில் தாங்கலன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

தேறிய சின்னச் சின்னப் பழங்களில் ஒரே ஒருமுறை ரசம் வைத்தோம். இரண்டு வாய் குடித்துவிட்டு, நன்றாக இருப்பதாகச் சொன்னாள். ஆடியில் போய்விட்டாள்.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது அண்ணன் சிமெண்டுத் தரை போட்டு வண்டி நிறுத்துகிறான். விவசாயம் படித்த தோழி ஒருத்தி, அந்த வெயிலில் ஈ எங்கிருந்தும் வந்திருக்கும், ஒரு செடியால்தான் எல்லாம் போயிற்று என்று சொல்ல முடியாது என்கிறாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அம்மா கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டது அந்தத் தக்காளி ரசம் ஒன்றைத்தான்.