ரிசீவரைத் தூக்காதே

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு குழந்தை பிறந்தபோதுகூட அவ்வளவு கூட்டம் வரவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். பிறந்த குழந்தை நான்தான் என்பதால் அந்த ஒப்பீட்டை நான் அவ்வளவாக ரசிப்பதில்லை. ஆனால் உண்மையை மறைக்க முடியாது. மாமா சென்னையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த டெலிபோன், அட்டைப் பெட்டியிலிருந்து எழுந்தருளிய அந்த மாலையில் தீவில் இருந்த ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுவதும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது. இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பி வழியாகத் தரிசித்தார்கள். எனக்கு ஒன்பது வயது. தொண்ணூறுகளின் தொடக்கம்.

அதுவரை எங்களிடம் இருந்தது அப்பாவின் வேலைக்காக வைத்துக் கொடுத்த கறுப்பு போன். ஆமை மாதிரி கனம், ஆமை மாதிரியே யோசித்து வேலை செய்யும். வரிசையில் போன் இருந்த ஒரே வீடு எங்களுடையது. ஆகவே மெயின்லேண்டிலிருந்து யாருக்கு அழைப்பு வந்தாலும் அது வரிசைக்கே வந்த அழைப்பு. குரல் ஆகாயத்துக்குப் போய் சாட்டிலைட்டைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒன்றைச் சொல்லிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியை வீணாக்குவது எங்கள் வழக்கமில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்க, சுற்றி நிற்பவர்கள் அதற்குள் தங்கள் பங்கைக் கத்திச் சேர்ப்பார்கள். "அங்க மழை உண்டான்னு கேளு!" "சின்னவனுக்கு அம்மை இறங்கிருச்சான்னு கேளு!" "அனுப்புன கருவாடு வந்துச்சான்னு கேளு!" அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கடலே நேரில் பேசுவதுபோல் இருந்திருக்கும்.

மாமா அம்மாவின் தம்பி. ஒரு காண்ட்ராக்டருக்காகச் சென்னைக்குப் போய்ச் சாமான் வாங்கிவருவது அவர் வேலை. காண்ட்ராக்டருக்கு வேண்டியது பாதி, உலகத்தில் புதிதாக வந்தது பாதி என்று இறக்குவார். இந்த முறை இறங்கியது ஸ்பீக்கர் போன்.

"இந்தப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்குனா போதும் அத்தான். ரிசீவரைத் தூக்கவே வேணாம். அங்க பேசுறது வீடு பூரா கேக்கும், இங்க பேசுறது அங்க பூரா கேக்கும். ஜப்பான் சாமான்!"

அப்பா போனைக் கவிழ்த்துப் பார்த்தார். எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஜப்பான்காரர்கள் அடக்கமானவர்கள் என்று மாமா விளக்கினார்.

அந்த போனுக்கு வந்த வேகத்திலேயே ஒரு கடமை காத்திருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கப்பல் டிக்கெட் கொடுக்கும் ஆபீஸில் கவுன்டர் குமாஸ்தா. தீவில் பாதிப் பேரை மெயின்லேண்டுக்கு அனுப்பிவைத்தவள். தனக்கென்று ஒரு டிக்கெட் எழுதிக்கொள்ளும் ஆசை மட்டும் அவளுக்கு வந்ததில்லை. காலையில் ஈரத் தலையைப் பின்னிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் எப்போது திங்கள் வரும் என்பதுபோல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவாள். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி நினைப்பதற்கு நேர் எதிராக ஒருத்தி வேலையைப் பற்றி நினைக்க முடியும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அவளுக்கு மதுரையில் ஒரு வரன் அமைந்திருந்தது. இரும்புக் கடைக் குடும்பம். ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோவும் பொருந்திவிட்டது. பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்கள் நிபந்தனை. "அங்கயே ட்ரான்ஸ்ஃபர் கேட்டுப் பாக்கட்டுமாண்ணே?" என்று அத்தை ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "மதுரையில ஏதும்மா கடலு, கப்பல் டிக்கெட் குடுக்க?" என்று அப்பா கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா கறாரான மனிதர். பெண் தன் வாயால், வேலையை விடச் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அன்றைக்கே தட்டு மாற்ற நாள் குறித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அவரே போனில் வருவார்.

"வீட்டுல எல்லாரும் கூடிக் கேக்கலாம்ல? அதுக்குத்தானே தேடி வாங்கியாந்தேன்" என்றார் மாமா. தேடியது பர்மா பஜாரில், வாங்கியது நிபந்தனை எதுவும் தெரிவதற்கு முன்னால். இருந்தாலும் அப்பா நெகிழ்ந்துபோனார்.

சனிக்கிழமை ஒத்திகை. மாமா முக்கில் இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடிப் போய் எங்கள் எண்ணைச் சுழற்றினார். போன் குயில் மாதிரி கூவியது. அதற்கே ஒரு கைதட்டல். நான் பட்டனை அமுக்கினேன். இந்தப் பதவியை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே ஏற்றுக்கொண்டேன். "ஹலோ" என்று மாமாவின் குரல் மேஜையிலிருந்து புறப்பட்டதும் கூடம் அதிர்ந்தது. "ஹலோ! ஹலோ மாமா! கேக்குது! நல்லா கேக்குது!" பக்கத்து வீட்டு வங்காளி ஆன்ட்டி, "அரே வா! ஏக்தம் ரேடியோ ஜைசா!" என்று, அசல் ரேடியோ மாதிரியே இருப்பதாக வியந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மாமா மட்டும் பேச்சைக் காணோம். நாங்கள் ஓய்ந்ததும் பேசினார். நாங்கள் ஆரவாரித்ததும் மறுபடி காணாமல் போனார். என்ன ஆயிற்று என்று பதறி அப்பா ரிசீவரைத் தூக்கினார். லைன் அறுந்தது.

மாமா வியர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். "ஒரு நேரத்துல ஒரு பக்கந்தான் பேசணும் அத்தான். நாம சத்தம் போட்டா அங்கேருந்து வர்றதை அது நிறுத்திரும். குறுக்க குறுக்கப் பேசாம இருக்கிறதுக்காகப் பண்ணி வச்சிருக்கான். அது மெஷினோட மரியாதை."

"ரிசீவரைத் தூக்குனா ஏன்டா கட்டாவுது?"

"அதான் தூக்க வேணாங்கறேனே. தூக்கவே தேவையில்லாத போனை எதுக்குத் தூக்குறீங்க?"

பிற்காலத்தில் எத்தனையோ வாடிக்கையாளர் சேவை மையங்களோடு பேசியிருக்கிறேன். மாமாவை மிஞ்சிய பதிலை எவரும் சொன்னதில்லை.

நான் ஆனந்தத்தின் உச்சத்தில் இருந்தேன். ஒரு மெஷின் நன்றாக வேலை செய்தால் பெரியவர்களுக்கு லாபம். கோளாறு பண்ணினால்தான் சிறுவர்களுக்கு லாபம். கூட்டத்தில் வராமல் சமையலறையிலேயே இருந்த அத்தையிடம் ஓடினேன்.

"அத்தை, ஒரு அதிசயம்! நாம கைதட்டினா அவங்க பேசுறது நமக்குக் கேக்காது!"

அத்தை தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "நாம பேசினா மட்டுமாடா?"

"எந்தச் சத்தமானாலும்."

"பாத்திரம் விழுந்தாக்கூடவா?"

"விழுந்தாக்கூட!"

"சின்னச் சத்தத்துக்குமா? இப்ப... வளையல் குலுங்குற மாதிரி?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் விஞ்ஞானத்தை இவ்வளவு அக்கறையாக அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பதிலை ஊகித்துச் சொல்லாமல், மாமாவைக் கெஞ்சி இன்னொரு முறை பூத்துக்கு அனுப்பி, அம்மாவின் வளையல்களை போனுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "பக்கத்துல ஆட்டினா போதும் அத்தை, கட்!"

"அச்சா" என்றாள் அத்தை. துருவி முடித்த தேங்காயில் ஒரு பிடி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் ஜமுக்காளம் விரித்தாயிற்று. போன் நடுவில், மேஜை விரிப்பின் மேல், மாப்பிள்ளை மாதிரியே உட்கார்ந்திருந்தது. "யாரும் வாயைத் திறக்கப்படாது. பொண்ணோட வாழ்க்கை" என்று அப்பா வரிசை முழுவதையும் கும்பிட்டார். அத்தை குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். டைப் அடிக்க இடைஞ்சல் என்று கையில் ஒரு வளையல்கூடப் போடாதவள், அன்றைக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "போன்ல பாக்கவா போறாங்க? இருந்தாலும் பாரேன், மாமனார் வீடுன்னதும் தானா வந்துருது."

டம்ளர் எடுத்து வருவதாகச் சொல்லி அத்தை சமையலறைக்குள் நுழைந்ததும் போன் கூவியது. பட்டனை அமுக்கினேன்.

"வணக்கம். மதுரையிலேருந்து பேசுறேன்." நல்ல கனத்த குரல். கூடம் சிலிர்த்தது. ஆனால் ஒருவரும் மூச்சு விடவில்லை. எங்கள் வரிசை வரலாற்றில் அப்படியொரு மௌனம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

"எல்லாம் பேசியாச்சு. பொண்ணுகிட்ட மட்டும்..."

சமையலறையில் இட்லிப் பானை விழுந்தது. மூடி உருண்டு உருண்டு, தயங்கித் தயங்கி அடங்கியது. அதுவரை மதுரை இல்லை.

"...என்ன சத்தம் அங்க?"

"ஒண்ணுமில்லீங்க, சொல்லுங்க!" என்றார் அப்பா. அது ஆகாயத்துக்குப் போய் இறங்குவதற்குள் மதுரைக்காரரும் ஏதோ சொல்ல, அதையும் விழுங்கிக்கொண்டு எவர்சில்வர் டம்ளர்கள் சரிந்தன. நான் சமையலறைக்குப் பாய்ந்தேன். "அத்தை! சத்தம் போடாதேங்கறேன்ல? நேத்துதானே சொன்னேன்?"

"ஐயோ, மறந்துபோச்சுடா" என்றாள் அத்தை. கையில் அடுத்த டம்ளர் இருந்தது.

அம்மா வந்து அவள் கையைப் பிடித்து போனுக்கு முன்னால் உட்காரவைத்தாள். பாத்திரம் இல்லாத இடத்தில் இனி பயமில்லை என்று எல்லோரும் நிமிர்ந்தார்கள். வங்காளி ஆன்ட்டி இரண்டு கையையும் உயர்த்தி, "சுப்! லட்கி கோ போல்னே தோ!" என்று ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களையும் அடக்கினார். பெண்ணைப் பேச விட வேண்டும் என்பதில் அன்றைக்கு அவர் ஒருவருக்குத்தான் அக்கறை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

"அம்மா, சொல்லும்மா. வேலையை..."

அத்தைக்குக் கை நடுங்கியது. நடுங்கிய கையை மேஜையில், போனை ஒட்டி வைத்துக்கொண்டாள். வளையல்கள் கலகலவென்று பேசின. மதுரை மறைந்தது. நிறுத்தினாள், மதுரை வந்தது. "...நான் கேக்குறது காதுல..." கலகல. "...மரியாதைக்கு ஒரு..." கலகல.

"பயந்துட்டா, பாவம்" என்றாள் அம்மா.

"சரின்னு சொல்லும்மா!" என்றார் அப்பா. "சரின்னு சொல்லுக்கா!" என்றது ஜன்னல். மாமா, "கத்தாதீங்க, கத்தாதீங்க!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தினார். பழைய பழக்கம் அணையை உடைத்துக்கொண்டது. "நல்ல பொண்ணுங்கய்யா!" "அங்க மழை உண்டாங்கய்யா?" அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் செய்துவந்ததைச் செய்தார்.

"ரிசீவரைத் தூக்காதீங்க!" என்று நான் அலறியது, அவர் தூக்கிய பிறகு.

அப்பா செருப்புக்கூடப் போடாமல் எஸ்டிடி பூத்துக்கு ஓடினார். எங்கள் போனில் வெளியூருக்குப் பேச வழியில்லை. நானும் கூடவே ஓடினேன். எத்தனை முறை சுழற்றினாலும் ஒரு பெண் குரல், இந்த வழியின் எல்லா லைன்களும் வியஸ்த், அதாவது பிஸி, என்று இந்தியில் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பூத்துக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் தரகர் கூப்பிட்டார். அப்பா ஸ்பீக்கரைத் தொடாமல் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க உட்கார்ந்துவிட்டார். பெரிய மனுஷன் மதிப்பாக ஒரு கேள்வி கேட்டால் பாத்திரத்தைத் தட்டிப் பதில் சொல்லுகிற, ஊரைக் கூட்டிக் கூச்சல் போட்டுவிட்டு போனையும் வைத்துவிடுகிற குடும்பம் வேண்டாம் என்று மதுரை முடிவு செய்துவிட்டது.

பிறகு வரிசையில் மூன்று நாலு நாள் அந்த போனைப் பற்றிய அபிப்பிராயங்கள்தான். அப்பா அதைக் கடலில் போடச் சொன்னார். அம்மா கறுப்பு போனை மறுபடி துடைத்து வைத்தாள். வங்காளி ஆன்ட்டிக்கு மட்டும் அதன் குயில் கூவலுக்காகவாவது ஒன்று வாங்க வேண்டும் என்று இருந்தது. "மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல, நமக்குத்தான் பேசத் தெரியல" என்று மாமா முதலில் வாதாடினார். தனியாகிப்போனதும் தோல்வியை ஒப்புக்கொண்டார். அடுத்த கப்பலில் எடுத்துப்போய் மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி, அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தார்.

அத்தை ஆபீஸிலிருந்து வந்தபோது போன் பாதி பெட்டிக்குள் இருந்தது. மாமாவோடு அவள் நேராகப் பேசுவதில்லை.

"அண்ணி, உங்க தம்பிய அதை அங்கயே வைக்கச் சொல்லுங்க. நல்ல சாமான். இந்த மாதிரி இனிமே கிடைக்காது."

மாமா நிமிர்ந்து பார்த்தார். அவர் வாங்கிவந்த ஒரு பொருளை அந்த வீட்டில் ஒருவர் பாராட்டுவது அதுதான் முதல் முறை. போனைப் பெட்டியிலிருந்து பத்திரமாக வெளியே எடுத்தார். அப்பா முற்றத்துக்குப் போய்விட்டார். கல்யாணம் கலைந்துபோன பெண் கேட்கும்போது ஒரு போனை மறுக்க அவரால் முடியவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இரண்டு குறைகளையும் கண்கூடாக ஆராய்ந்தவன் நான். அத்தையை உட்காரவைத்து, பொறுமையாக, விரல் விட்டு விளக்கினேன். நாம் சத்தம் போட்டால் அவர்கள் பேசுவது கேட்காது. ரிசீவரைத் தூக்கினால் லைன் போய்விடும்.

"அப்படியா?" என்றாள் அத்தை, இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவள்போல.

நான் சொல்லிக்கொடுத்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். இவ்வளவு ஞாபகமறதிக்காரியை நம்பி கவர்ன்மென்ட் எப்படி ஒரு கப்பல் டிக்கெட் கவுன்டரையே ஒப்படைத்திருக்கிறது என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.