பசுவின் வாய்க்குள் விட்ட கை

எங்கள் பசு திடீரென்று தீனி எடுப்பதை நிறுத்தியது. கழுத்தை நீட்டிக்கொண்டு ஓயாமல் கத்தியது. வழக்கமான கத்தல் இல்லை. குரல் உடைந்து பாதியில் வெறும் காற்றாகிவிடும். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது.

"தொண்டையில என்னமோ மாட்டியிருக்கு," என்றார் என் கணவர். கரவனெல்லைக்குப் பக்கத்தில் றப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவர். வெட்டுக் கத்தி பட்ட காயம் ஒன்றாவது அவர் கையில் எப்போதும் இருக்கும். அந்தக் கையை முழங்கைவரை பசுவின் வாய்க்குள் விட்டுத் துழாவினார். பலாக்கொட்டை இருக்கும் என்று நினைத்தோம். ஒன்றுமில்லை.

மறுநாள் பசு எழுந்திருக்கவில்லை. மிருக வைத்தியர் வந்தார். கொட்டகைக்குள் வராமல் வெளியிலேயே நின்று பார்த்தவர், சிங்களத்தில் ஒன்றுதான் கேட்டார்: "யாராவது வாய்க்குள்ள கை விட்டீங்களா?"

என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார்.

"போய் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க. நல்லா, நிறைய நேரம் கழுவுங்க. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இது விசர் நோய்."

"அது நாய்க்கு வாறதுதானே மாத்தயா? மாட்டுக்கு எப்படி?" என்று இவர் வைத்தியரைக் கேட்டார்.

"நாய் கடிச்சிருக்கும். நாய், மாடு, மனுசன் எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்."

பசு அன்று மாலையே செத்தது. பரிசோதனையும் வைத்தியர் சொன்னதைத்தான் உறுதி செய்தது. அதன் கன்றையும் அதே நாய் கடித்திருக்கலாம், தனியாகக் கட்டுங்கள், யாரும் தொடாதீர்கள் என்றார்.

இவருக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்தக் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல ஊர்ந்து போகும், அது போய்ச் சேருமுன் ஊசி முந்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் விழுங்க முடிகிறதா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்னைய ஏன் இப்படிப் பாக்குற? மாட்டப் பாக்குற மாதிரி."

அப்படித்தான் பார்த்தேன். கண், எச்சில், நடை. அவருடைய கேலி, கோபம், என்னைக் கூப்பிடும் விதம், அவர் என்று நான் நினைத்த எல்லாமே அந்தப் பசுவுக்கு இருந்தது போன்ற ஈரமான நரம்புகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. வகுப்பில் மனிதனும் விலங்குதான் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது என் வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை.

ஊசிகள் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் கன்று கத்தத் தொடங்கியது. அதே உடைந்த குரல். இவர் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வந்திருந்தா நானும் இப்படித்தான் கத்தியிருப்பேன், இல்ல?"

"உங்களுக்குத்தான் ஊசி போட்டாச்சே."

"நான் கேட்டது அது இல்ல."

கன்று மறுபடி கத்தியது.

"ஆமாங்க," என்றேன்.

இவருக்கு எதுவும் வரவில்லை. இன்றும் வேலைக்குப் போகிறார். ஆனால் கன்று செத்த அன்று குழியை இவரே வெட்டினார். குழிக்குள் அவர் இடுப்பு மறைந்தது, பிறகு நெஞ்சும் மறைந்தது. பக்கத்து லயத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கன்னுக்குட்டிக்கு எதுக்குண்ணே இவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். உள்ளேயிருந்து மண் மட்டும் மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது.